இரண்டு கட்டையில் தொடங்குவோம்

முப்பது குழந்தைகள் சேர்ந்து பாடும் எந்த வகுப்பிலும், பாட்டு எங்கே ஏறினாலும் எங்கே இறங்கினாலும் கவலைப்படாமல் ஒரே சுரத்தில் நின்று முனகிக்கொண்டிருக்கும் நான்கைந்து பேர் இருப்பார்கள். ஆரம்பப் பள்ளியில் இசை வகுப்பு எடுக்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அந்த நான்கைந்து பேரை என்ன செய்கிறார் என்பதை வைத்துத்தான் ஓர் இசை ஆசிரியரை நான் எடைபோடுவேன். மற்றத் திறமையெல்லாம் அப்புறம்.

பெரும்பாலும் என்ன நடக்கிறது? விழா நெருங்கும்போது "நீ பாட வேண்டாம்டா, வாயை மட்டும் அசை" என்று காதோடு சொல்லிவிடுகிறார்கள். சொல்கிறவர் கொடுமைக்காரர் இல்லை. மேடையில் அபசுரம் விழுந்துவிடக் கூடாதே என்கிற பதற்றம்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அது தீர்ப்பு. "எனக்கெல்லாம் பாட்டு வராதுங்க" என்று சிரித்துச் சமாளிக்கும் பெரியவர்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எந்த வகுப்பு, யார் சொன்னது, பக்கத்தில் யார் நின்றது என்பதுவரை வரும்.

சுருதி வித்தியாசமே காதுக்குப் பிடிபடாதவர்கள் உலகில் இல்லாமல் இல்லை. பிறவியிலேயே வரும் அந்த நிலைக்கு ‘அமூசியா’ என்று பெயர். நூற்றுக்கு 4 பேருக்கு இருக்கும் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு இன்னும் பெரிய கூட்டத்தைச் சோதித்தபோது அந்தக் கணக்கு ஏறக்குறைய 1.5 ஆக இறங்கியது. அப்படிப் பார்த்தால் முப்பது பேர் வகுப்பில் ஒருவர்கூட இல்லாமல் போகலாம். என் வகுப்பில் ஒற்றைச் சுரத்தில் நிற்கிறவர்கள், நான் வேண்டுமென்றே ஓர் இடத்தைத் தப்பாகப் பாடிக் காட்டினால் மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்கத்தான் செய்கிறார்கள். காது வேலை செய்கிறது, சரி தப்பு தெரிகிறது. கேட்டதைத் தொண்டைக்குக் கொண்டுவரும் வழிதான் இன்னும் பழகவில்லை.

பழகாததற்குப் பாதிக் காரணம் நாம் எடுக்கும் சுருதி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நன்றாக இசை தெரிந்தவர்களே இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஆறேழு வயதுக் குழந்தையின் பேச்சுக் குரலே ஏறக்குறைய 250 முதல் 300 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு அத்தனை அதிர்வு) ஒலிக்கும். குரல்நாண்கள் சின்னவை, அதனால் சுருதி உயரம். சுருதியின் உயரத்தை நாம் கட்டைக் கணக்கில் சொல்வோம். பெண்கள் வழக்கமாகப் பாடும் ஐந்து கட்டையில் மத்திய ஸ்தாயி (நடுச் சுர வரிசை) ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ். அதாவது டீச்சர் சுகமாக ‘ஸா’ பிடிக்கும் இடம், குழந்தை பேசுகிற இடத்துக்கும் கீழே இருக்கிறது. ஸ, ரி, க மூன்றும் 250-ஐத் தாண்டுவதில்லை, ம அதைச் சற்றே தாண்டும். குழந்தைகளுக்கென்று தேர்ந்தெடுக்கும் பாட்டுகளோ பெரும்பாலும் இந்தச் சுரங்களைச் சுற்றியே வரும். அவ்வளவு கீழே இறங்கிப் பாட அந்தத் தொண்டையில் இடம் கிடையாது. அதனால் பிள்ளை பேசுவதுபோல் முனகும், இல்லாவிட்டால் கத்தும். கத்தினால் "நன்றாகச் சத்தமாகப் பாடுகிறான்" என்று பாராட்டு வேறு கிடைக்கும்.

ஆண்கள் பாடும் இரண்டு கட்டைக்கு ஒரு ஸ்தாயி மேலே, ஸட்ஜம் 294 ஹெர்ட்ஸுக்கு வரும்படி வைத்துக்கொண்டால் நிலைமை மாறிவிடும். அங்கிருந்து ஆறாவது சுரமான தைவதம் வரைக்கும் உள்ள வட்டம் இந்த வயதுக் குரலுக்கு வீடு மாதிரி. பாட்டை அதற்குள் வைத்தால் முனகிக்கொண்டிருந்தவர்களில் ஒன்றிரண்டு பேர் எந்தப் பயிற்சியும் இல்லாமல் தானாகவே சுரத்துக்கு வந்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு அந்தச் சுருதி கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். இருக்கட்டும், பாடப்போவது பிள்ளைகள்தானே.

ஆண் ஆசிரியருக்கு வேறு ஒரு சிக்கல். என் குரல் இயல்பாகவே ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கிறது. அதை மேலே மாற்றிப் பாட வேண்டும் என்று பெரிய பிள்ளைகளுக்குப் புரியும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலர் என் குரலின் கனத்தையே பிடிக்கப் பார்ப்பார்கள், தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு உறுமுவார்கள். அதனால் புதுப் பாட்டை முதல்முறை பாடிக் காட்டும்போது கள்ளத்தொண்டையில்தான், அதாவது இயல்பான குரலை விட்டு மெல்லிய உச்சக் குரலில்தான், பாடுகிறேன். கச்சேரியில் விமர்சகர்கள் கிழித்துவிடக்கூடிய அந்தக் குரல் வகுப்பறையில் ரொம்ப உபயோகம். முதல் வாரம் சிரிப்பார்கள், அடுத்த வாரம் பழகிவிடும். நான் பிடித்துக் காட்டியதும், சுருதி சுத்தமாக உள்ள ஒரு பிள்ளையைப் பாடச் சொல்லி மற்றவர்களை அவளைக் கேட்டுப் பாடச் சொல்வேன். குழந்தைக்குக் குழந்தைக் குரல்தான் மிக எளிதாகப் பிடிபடும் மாதிரி.

சரி, சுருதியை மாற்றிய பிறகும் மசியாத இரண்டு மூன்று பேருக்கு என்ன வழி? அவர்களில் பலருக்குப் பாட்டுக் குரல் என்று ஒன்று தன்னிடம் இருப்பதே தெரியாது. பேசும் குரலையே நீட்டினால் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் ஒரே வாக்கியத்தை நான்கு விதமாகச் சொல்லிப் பார்க்கிறோம்: ரகசியமாக, பேச்சாக, தூரத்தில் இருக்கிறவரைக் கூப்பிடுவதாக, பாட்டாக. நான்கும் தொண்டையில் வேறு வேறு இடத்தில் உட்காருவது அவர்களுக்கே தெரிந்துவிடும். அப்புறம் ஆம்புலன்ஸ் சைரன்போல் மேலே போய்க் கீழே வருவது, ஆந்தைபோல் கூவுவது, கையில் இல்லாத பந்தை மேலே எறிந்து அது போகிற வழியைக் குரலால் வரைவது. பாடச் சொன்னால் விறைத்துக்கொள்ளும் பிள்ளை ஆந்தையாக இருக்கச் சொன்னால் ஒன்றரை ஸ்தாயி அநாயாசமாகப் போய்வரும்.

அடுத்தது, நான் பாடும் சுரத்துக்கு அவனை இழுக்காமல் அவன் நிற்கும் சுரத்துக்கு நான் போவது. அவன் முனகுகிற அதே இடத்தில் நானும் சேர்ந்து பாடுவேன். இரண்டு குரலும் ஒன்றாகக் கலக்கும்போது வரும் அந்த அமைதியை அவன் முதல்முதலாக அனுபவிப்பான். ஒற்றைச் சுரக்காரர்களுக்குச் சேர்ந்து ஒலிப்பது எப்படி இருக்கும் என்பதே தெரியாது, ஏனென்றால் அவர்கள் ஒருநாளும் சேர்ந்து ஒலித்ததில்லை. அது தெரிந்த பிறகு நான் அரைச் சுரம் மேலே நகர்ந்தால் கூடவே வர முயற்சி செய்வான். சிலர் ஒரு மாதத்தில் வருவார்கள், சிலருக்கு ஒரு வருஷம் ஆகும். ஒரு கையைக் காதுக்குப் பின்னாலும் இன்னொரு கையை வாய்க்கு முன்னாலும் குவித்துக்கொண்டு பாடினால் தன் குரல் தனக்குத் தெளிவாகக் கேட்கும். கூட்டத்தில் பாடும்போது பாதிப் பிள்ளைகளுக்குத் தன் குரல் எது என்றே தெரிவதில்லை.

"சத்தமாகப் பாடு" என்று மட்டும் சொல்லவே கூடாது. குழந்தைக்குச் சத்தம் என்றால் கத்தல்தான். "தூரத்துக்குப் போகட்டும்" என்றால் குரல் வேறு மாதிரி வருகிறது.

தனியாகப் பாட வைக்காமல் ஒரு குழந்தையின் குரலைத் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் எழுந்து நின்று பாடச் சொன்னால் பாதிப் பேருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இதற்கு வருகைப் பதிவுதான் நல்ல தந்திரம். ஒவ்வொரு பெயரையும் பஞ்சமத்தில் தொடங்கிக் காந்தாரத்தில் இறக்கிப் பாடுவேன். அவர்கள் அதே இரண்டு சுரத்தில் "உள்ளேன்" என்று திருப்பிப் பாட வேண்டும். ப–க என்ற இந்தச் சின்ன இறக்கம் குழந்தைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தெருமுனையில் நிற்கும் நண்பனைக் கூப்பிடும்போதும் ஒருவரை ஒருவர் ராகம் போட்டுக் கேலி செய்யும்போதும் பெரும்பாலும் இதைத்தான் பாடுகிறார்கள். ஹங்கேரியின் சோல்டன் கோடாயும் ஜெர்மனியின் கார்ல் ஓர்ஃபும் குழந்தைகளுக்கு இசை சொல்லித்தரும் தங்கள் முறைகளை இந்த இரண்டு சுரத்திலிருந்துதான் ஆரம்பித்தார்கள். வருகைப் பதிவு இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். யாருடைய குரல் எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரிந்துவிடும். தேர்வு நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

இங்கே ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். பதிவு செய்த இசையை ஸ்பீக்கரில் போட்டு அதன்மேல் பிள்ளைகளைப் பாடவிடும் பழக்கம் எல்லாப் பக்கமும் பரவிவிட்டது. அந்தப் பின்னணியின் சுருதி நம் கையில் இல்லை, வேகம் நம் கையில் இல்லை. ஒரு பிள்ளை மூச்சு வாங்கத் தடுமாறினால் அது நிற்காது. சத்தமோ கேட்கவே வேண்டாம், அதைத் தாண்டிக் கேட்பதற்காக வகுப்பு முழுவதும் அலறும். தம்புரா ஒலி ஒன்று மெல்லமாக ஓடினால் போதும். அதுகூட இல்லாமல் வெறும் குரலோடு பாடினால் இன்னும் நல்லது, அப்போதுதான் ஒருவரை ஒருவர் கேட்பார்கள். இசை தெரியாத ஆசிரியருக்கு ஸ்பீக்கர் ஒரு கைத்தடி என்பதை ஒத்துக்கொள்கிறேன். இசை தெரிந்தவர்களும் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

தாளத்துக்கு வருவோம். "தாளம் போடுங்கள்" என்று சின்னப் பிள்ளைகளிடம் சொன்னால் பாட்டின் ஒவ்வோர் எழுத்துக்கும் கைதட்டுவார்கள். அது தப்பு என்று திருத்துவதில் பிரயோஜனமில்லை, அவர்கள் தட்டுவதும் தாளத்தில் ஒரு பாதிதான். சீராக ஓடும் அடி ஒன்று, அதன்மேல் சொற்கள் நடக்கும் நடை ஒன்று. காலுக்கு அடியையும் கைக்குச் சொல்லையும் பிரித்துக் கொடுத்துவிட்டால் இரண்டும் வேறு வேறு என்பது உடம்புக்குத் தெரிந்துவிடும். உடம்புக்குத் தெரிவதுதான் முக்கியம் என்று அடித்துச் சொன்னவர் எமில் ஜாக்-டால்க்ரோஸ். ஜெனீவா இசைக் கல்லூரியில் ஸ்வர இணக்கம் (ஹார்மனி) சொல்லிக்கொடுத்தவர். விரல்கள் பியானோவில் பறக்கும் மாணவர்களால் சீரான காலப்பிரமாணத்தில் (தாள வேகத்தில்) இருக்க முடியவில்லை என்பதைக் கண்டு, அவர்களை எழுப்பி நடக்கவிட்டார். கல்லூரி மாணவர்களுக்கே அது தேவைப்பட்டது என்றால், ஆறு வயதுப் பிள்ளையைத் தரையில் சம்மணமிட்டு உட்காரவைத்துத் தொடையில் மட்டும் தட்டச் சொல்வதில் என்ன நியாயம்?

வேகத்திலும் நமக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போவதில்லை. குழந்தையின் இயல்பான காலப்பிரமாணம் பெரியவர்களுடையதைவிடத் துரிதமானது. கால் சின்னது, எட்டு சின்னது, தன்போக்கில் மேளம் தட்டச் சொன்னாலும் வேகமாகத்தான் தட்டும். நாம் பொறுமையாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று விளம்பத்தில், மெதுவான வேகத்தில், ஆரம்பிக்கிறோம். அது அவர்களுக்குக் கடினமான காலம், கடைசியாக வர வேண்டிய பாடம். பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்று திட்டுகிற பல இடங்களில் ஆசிரியர்தான் அவர்களால் நிற்க முடியாத வேகத்தில் நிற்கச் சொல்லியிருப்பார். நான் யாராவது ஒரு பிள்ளையை நடக்கச் சொல்லி, அந்த நடைக்கு வகுப்பைப் பாடவைக்கிறேன். காலத்தை அவர்கள் கொடுக்கட்டும், அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது என் வேலை.

நம் மொழியில் ஒரு வசதி இருக்கிறது, அதை இசை வகுப்பில் யாரும் சரியாகப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று ஆரம்ப வகுப்புகளிலேயே படித்துவிடுகிறார்கள். மாத்திரையின் அளவு கண்ணிமைப்பதும் கைநொடிப்பதும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. கைநொடியைக் கொண்டு காலத்தை அளப்பதைத்தானே நானும் சொல்லிக்கொடுக்கப் பார்க்கிறேன்? அதனால் பறவை, மிருகங்களின் பெயர்களை வைத்துத் தாளம் கட்டுகிறோம். காகம் என்றால் இரண்டு அடி. குருவி என்றால் முதல் அடிக்குள் இரண்டு எழுத்து, அடுத்த அடியில் ஒன்று. முயல் ஒரே அடியில் தாவி முடிந்துவிடும். ‘காகம் குருவி’ என்றால் நான்கு அடி ஆயிற்று. இடையில் ஒரு மிருகம் தூங்கினால் அந்த அடிகளுக்கு வாயில் விரல். வரிசையாகப் படங்களை ஒட்டிவிட்டால் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகூடத் தாளத்தை வாசிக்கும். படங்களின் வரிசையை அவர்களே மாற்றுவார்கள், யாரோ ஒருவன் ஐந்து முயலை வரிசையாக வைப்பான், எல்லோரும் வாசிக்க முடியாமல் திணறுவார்கள். தகிட, தகதிமி எல்லாம் அதற்கப்புறம் வந்தால் போதும். வரும்போது வெகு சுலபமாக வந்துவிடுகிறது.

வாத்தியம் என்று வந்தால் எனக்குப் பிடித்தது ஓர்ஃப் செய்த காரியம். 1924-இல் மியூனிக்கில் டோரதே குந்தர் என்பவரோடு சேர்ந்து நடனமும் இசையும் சொல்லித்தரும் பள்ளி ஒன்றைத் தொடங்கியவர் அவர். பிற்பாடு 1948-இல் குழந்தைகளுக்காக வானொலி நிகழ்ச்சிகள் செய்தபோது அந்த அனுபவம் வகுப்பறைக்கு வந்தது. அவர் பயன்படுத்திய சைலபோன்களில், தட்டி வாசிக்கும் மரச்சட்டங்களைக் கழற்றி எடுத்துவிடலாம். ம, நி இரண்டையும் கழற்றிவிட்டால் மிச்சம் ஸ ரி க ப த. நமக்கு அது மோகன ராகம். அதில் எந்த இரண்டு சுரத்தை ஒன்றாகத் தட்டினாலும் காது கூசாது, அரைச்சுர உரசலே கிடையாது. அதனால் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் தோன்றியதை வாசித்தாலும் கேட்கும்படி இருக்கும். தப்பாகிவிடுமோ என்கிற பயத்தைக் கருவியிலிருந்தே கழற்றி எடுத்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றும். அந்தக் கருவியை வாங்க முடியாத பள்ளியிலும் யோசனையை எடுத்துக்கொள்ளலாம். கீபோர்டில் ஐந்து கட்டைகள்மேல் மட்டும் வண்ணத் தாள் ஒட்டினால் அதுவும் மோகனம்தான். (கீபோர்டில் தானாக ஓடும் தாளப் பொத்தானைத் தொடக் கூடாது என்பது என் வகுப்பின் ஒரே சட்டம். அதை அமுக்கியவுடன் எல்லோரும் வாசிப்பதை விட்டுவிட்டு ஆட ஆரம்பித்துவிடுவார்கள்.)

ரிக்கார்டர் என்ற பிளாஸ்டிக் குழல் பல நாட்டுப் பள்ளிகளில் உண்டு, பெற்றோர்களுக்கு அதன்மேல் உள்ள வெறுப்பும் பல நாடுகளில் உண்டு. பாவம், அந்தக் கருவிமேல் தப்பில்லை. கீச்சிடுவதற்குக் காரணம் அநேகமாக இரண்டே: பலமாக ஊதுவது, துளையை விரல் முழுசாக மூடாதது. விரல் நுனியை வைத்தால் மூடாது, சதைப்பற்றான இடம் படிய வேண்டும். விரலில் துளையின் வட்டத் தடம் பதிந்திருக்கிறதா என்று அவர்களையே பார்க்கச் சொன்னால் திருத்திக்கொள்வார்கள். "ஊது" என்று சொல்லாமல் "கண்ணாடியில் ஆவி படிய வை" என்று சொன்னால் கீச்சு பாதி அடங்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஜெர்மன் விரலமைப்பு, பரோக் விரலமைப்பு என்று இரண்டு வகை விற்கிறார்கள். 1920-களில் ஜெர்மனியில் உருவான முதல் வகையில் ஆரம்பத்தில் ஒரு சுரம் வாசிக்க எளிதாக இருக்கும், ஆனால் அதற்கு விலையாகப் பக்கத்துச் சுரம் சுருதி சேராது. ஒரு மாதச் சௌகரியத்துக்காகப் பல வருஷக் கஷ்டம். பரோக் வகையையே வாங்குங்கள்.

சுரம் எழுதப் படிக்க எப்போது ஆரம்பிப்பது என்பதில் எனக்கும் சக ஆசிரியர்கள் சிலருக்கும் தீராத சண்டை. ஸரளி வரிசை என்ற அடிப்படைச் சுரப் பயிற்சியில் ஆரம்பித்து முறையாகப் போக வேண்டும் என்பது அவர்கள் கட்சி. புரந்தரதாசர் பெயரால் வழங்கும் அந்தப் பாடமுறை பல நூற்றாண்டு நிலைத்து நிற்கிறது என்றால் அதில் விஷயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது குருவுக்கு முன்னால் உட்கார்ந்து, தினமும் சாதகம் செய்து, வருஷக்கணக்கில் கற்கப்போகிறவருக்கான பாதை. வாரம் ஒரு முறை நாற்பது நிமிஷம் வரும் முப்பது பேருக்கு மாயாமாளவகௌளை ராகத்தில் மாதக்கணக்காக ஏறி இறங்கினால் மிஞ்சுவது சலிப்புதான். ஜப்பானின் ஷினிச்சி சுசூகி வயலின் சொல்லிக்கொடுத்தபோது தாய்மொழியைத்தான் உதாரணம் காட்டினார்: எழுத்து தெரிந்த பிறகா குழந்தை பேசுகிறது? நிறையக் கேட்டு, நிறையப் பாடி, காதில் ஒரு சேமிப்பு உண்டான பிறகு அதற்குப் பெயரும் எழுத்தும் கொடுக்கலாம். அப்போது ‘ப–க’ என்று எழுதிக் காட்டினால், "சார், இது நம்ம பேர் கூப்பிடுறதுதானே" என்று கேட்பார்கள்.

எழுத்துக்கு முன்னால் கை அடையாளம். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கைமுத்திரை, தாழ்ந்த சுரம் இடுப்பருகே, உயர்ந்தது நெற்றியருகே. இதை இன்று கோடாய் முறை என்கிறார்கள். கோடாய் எடுத்துக்கொண்டது 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஜான் கர்வென் என்ற பாதிரியாரிடமிருந்து. கர்வெனோ, நாரிச் நகரத்தில் சாரா குளோவர் என்ற பெண்மணி குழந்தைகளுக்குப் பாடச் சொல்லித்தர உருவாக்கிய சுரப் பெயர் முறையின்மேல் தன் முறையைக் கட்டினார். இன்னும் பின்னால் போனால் 11-ஆம் நூற்றாண்டில் குயிதோ என்ற இத்தாலியத் துறவி நிற்கிறார். மடத்துப் பையன்கள் பத்து வருஷம் பாடியும் புதுப் பாட்டு ஒன்றைத் தானாகப் பாடத் தெரியாமல் இருந்ததைப் பார்த்து, சுரங்களுக்கு ஊத், ரே, மீ என்று பெயர் வைத்துக் கோடுகளில் எழுதிக் காட்டினார். ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு வருஷத்தில் கற்றுத்தர முடிகிறது என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இவர்களில் யாரும் மேதைகளைத் தயாரிக்கப் புறப்படவில்லை. கூட்டமாக வந்து நிற்கும் சாதாரணப் பிள்ளைகளை எப்படிப் பாடவைப்பது என்பதே எல்லோருக்கும் இருந்த கவலை.

கை அடையாளம் பழகிய வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு, மனசுக்குள் பாடுவது. எல்லோரும் பாடிக்கொண்டே இருக்கும்போது கையை மூடுவேன், குரல் நிற்க வேண்டும், பாட்டு உள்ளே ஓட வேண்டும். இரண்டு வரி கழித்துக் கையைத் திறந்தால் சரியான சொல்லில், சரியான சுரத்தில் வெளியே வர வேண்டும். முதலில் ஆளுக்கொரு இடத்தில் வந்து விழுவார்கள், ஒரே சிரிப்பு. போகப் போக முப்பது பேரும் ஒரே இடத்தில் வந்து சேர்வார்கள். அந்த இரண்டு வரி மௌனத்தில் அவர்கள் முகத்தைப் பார்த்தாலே போதும், யார் உள்ளே பாடுகிறார், யார் பக்கத்திலிருப்பவரை நம்பியிருக்கிறார் என்று தெரியும். வகுப்பில் சத்தம் அதிகமானால் அதட்டுவதற்குப் பதிலாகவும் இதைத்தான் செய்வேன்.

காது கேட்கும் கருவி அணிந்த பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களை இசை வகுப்பு நேரத்தில் நூலகத்துக்கு அனுப்பிவிடுவது எங்கும் உள்ள வழக்கம், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்காட்லாந்தின் எவலின் கிளெனி பன்னிரண்டு வயதுக்குள் கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தவர், தாள வாத்தியக் கலைஞராக உலகம் முழுக்க வாசிக்கிறார், அதிர்வைக் காலில் வாங்குவதற்காகச் செருப்பில்லாமல் மேடையேறுகிறார். பெரிய மேளத்தைத் தரையில் வைத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்ளச் சொன்னால் அடி எங்கே விழுகிறது என்று பிள்ளை உடனே சொல்லிவிடும். மரத்தரையாக இருந்தால் இன்னும் சுலபம். அந்தக் கருவிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. அதனால் கூட்டுப் பாட்டு சிலருக்கு இரைச்சலாகக் கேட்கலாம். எந்த இடம் தோதாக இருக்கிறது என்று அந்தப் பிள்ளையையே கேட்டு உட்காரவைப்பதுதான் ஒரே வழி.

இசை வகுப்புக்கு நேரம் கேட்டு நிர்வாகத்திடம் போனால் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: "இதனால் படிப்பு ஏறுமா?" ‘மொசார்ட் விளைவு’ என்று, மொசார்ட்டின் இசையைக் கேட்டால் மூளை கூர்மையாகும் என்று, யாரோ எங்கோ படித்திருப்பார்கள். அந்தக் கதையின் மூலத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. 1993-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஒரு சின்னக் கட்டுரை. 36 கல்லூரி மாணவர்கள் பத்து நிமிஷம் மொசார்ட் கேட்டார்கள், இடம்சார்ந்த புதிர்களில் கொஞ்சம் கூடுதலாக மதிப்பெண் பெற்றார்கள், அந்த விளைவு கால் மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டது. அதில் ஒரு குழந்தைகூடக் கிடையாது, யாரும் இசை கற்கவும் இல்லை. ஐந்தே வருஷத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைக் குறுந்தகடு கொடுக்கப் பணம் ஒதுக்கக் கேட்டார். குழந்தைகளை வைத்தே செய்த ஆய்வும் உண்டு. 2004-இல் கிளென் ஷெல்லன்பர்க் ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேரைப் பிரித்து, சிலருக்கு இசை, சிலருக்கு நாடகம், சிலருக்கு எதுவும் இல்லாமல் ஒரு வருஷம் பார்த்தார். இசை கற்றவர்களின் நுண்ணறிவு அளவெண் (ஐ.க்யூ.) சராசரியாக 7 புள்ளி உயர்ந்தது, மற்றவர்களுக்கு 4 புள்ளியைச் சற்றுத் தாண்டியது. வித்தியாசம் மூன்று புள்ளிக்கும் குறைவு. நாடகம் கற்றவர்கள் பிறரோடு பழகுவதில் முன்னேறினார்கள், இசைக் குழுவிடம் அது தெரியவில்லை.

மூன்று புள்ளிக்காக இசை வகுப்பு வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். நாளைக்கு யாராவது கணக்குக்குக் கூடுதலாக ஒரு பாடவேளை வைத்தால் ஐந்து புள்ளி ஏறும் என்று காட்டிவிட்டால் என்ன பதில் சொல்வது? பாட்டு பாடத் தெரிவதற்காகத்தான் பாட்டு வகுப்பு என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். நேரமும் அப்படியே கேட்கிறேன்: வாரம் நாற்பது நிமிஷம் ஒரே மூச்சில் வேண்டாம், பத்து நிமிஷமாக நான்கு நாள் கொடுங்கள். 1950-இல் கோடாயின் சொந்த ஊரான கெச்கெமேத்தில் தொடங்கிய பாட்டுப் பள்ளியில் தினமும் பாடினார்கள், அந்த முறை பேர் வாங்கியதற்கு அந்தத் ‘தினமும்’தான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். வகுப்பாசிரியரே காலையில் பத்து நிமிஷம் பாட்டு எடுக்கலாம். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. சுருதி மட்டும் கொஞ்சம் மேலே.

விழா வந்தால் என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். மேடையில் எல்லோரும் நிற்கிறார்கள், எல்லோரும் பாடுகிறார்கள். இன்னும் சுரத்துக்கு வராதவர்களை ஓரத்தில் தள்ளாமல், உறுதியாகப் பாடுகிற இரண்டு பேருக்கு நடுவில் அல்லது முன்னால் நிறுத்துவேன், சரியான குரல் அவர்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஓரிரு இடத்தில் அபசுரம் கேட்கத்தான் செய்யும். கேட்கிறவர்கள் எட்டு வயதுப் பிள்ளைகளின் பெற்றோர், ஒரு நிகழ்ச்சிக்காகக் கல்லூரி மாணவர்களின் குரலை அவர்கள் எதிர்பார்த்து வருவதில்லை. அப்படி எதிர்பார்க்கிற பெற்றோர் ஒருவர் இருந்தால் அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

மதிப்பீட்டு அட்டையில் ‘நன்று’, ‘சுமார்’ என்று எழுதுவதை விட்டுவிட்டேன். "வருகைப் பதிவில் ப–க தெளிவாகப் பிடிக்கிறாள்", "நடக்கும்போது அடி நிற்கிறது, உட்கார்ந்தால் ஓடுகிறான்", "மேல் சுரங்கள் ஆந்தைக் கூவலில் வருகின்றன, பாட்டில் இன்னும் வரவில்லை" என்று எழுதுகிறேன். அதைப் படித்துவிட்டு, தனியாகப் பாட்டு வகுப்பில் சேர்க்கலாமா என்று சில பெற்றோர் கேட்பார்கள். பிள்ளை கேட்டால் சேருங்கள், கேட்காவிட்டால் அவசரமில்லை, வீட்டில் நீங்கள் பாடுகிறீர்களா என்று திருப்பிக் கேட்பேன். "எனக்கெல்லாம் பாட்டு வராதே சார்" என்பார்கள். எந்தச் சுருதியில் முயற்சி செய்தீர்கள் என்று அங்கிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.